தேங்காயெண்ணெய் பூசிய கையுறை

சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். என் கணவர் ஐஸ் ஹொக்கி கோல்காப்பாளர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, முப்பத்தேழு வயதுவரை குளிர்பெட்டிக்குள் தவிர வேறெங்கும் பனிக்கட்டியைக் கண்டிராத மனிதர், 1976ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெல்பேணில் முந்நூறு பேருக்கு முன்னால் பனித்தளத்தில் நின்று கோல் காத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் 1972இல் இங்கே வந்தோம். இவர் பொறியியலாளர், நகரத்தின் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் கந்தோரில் வேலை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உதைபந்தாட்டத்தில் கோல் காத்தவர். அந்தப் பெருமை வயிற்றோடு சேர்ந்து கொஞ்சம் வளர்ந்திருந்தது, அவ்வளவுதான். வந்த முதல் குளிர்காலத்தில் கந்தோர் நண்பர் ஒருவர் இவரை ஒரு ஐஸ் ஹொக்கி ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனார். திரும்பி வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் நின்றார்.

“இஞ்சாரும், அங்கயும் ஒருத்தன் தனிய நிண்டு கோல் காக்கிறான். றப்பர் வட்டு வெடி மாதிரி வருது. அவன் அசையேல்லை. அவன்ர காலில கட்டியிருந்த தோல் சாமானை நீர் பாத்திருக்கோணும்!”

எனக்கு அப்போது தெரியவில்லை, அந்தத் தோல் சாமான் என் வீட்டுக்கே வரப்போகிறது என்று.

புதுச் சாமான் கடையில் வாங்கலாம். இவருக்கு அது வேண்டாம். நாற்பது வருடத்துக்கு முன் கனடாவில் கையால் தைத்து, இங்கே விளையாட வந்தவர்கள் கொண்டுவந்து, பிறகு எங்கெங்கோ விட்டுப்போன பழைய தோல் சாமான்தான் வேண்டும். இடது காலுக்குரியது பலரட் பக்கத்தில் ஒரு பண்ணைக் கொட்டிலில் கிடைத்தது. அதற்குள் கோழி முட்டையிட்டிருந்தது. வலது காலுக்குரியதற்கு ஒன்றரை வருடம் காத்திருந்து, ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு சிட்னிக்கு றெயின் ஏறினார். அது வேறொரு சோடியைச் சேர்ந்தது. நிறம் சிவப்பு, அரை அங்குலம் நீளம் கூட. “என்ர கால் மட்டும் ரெண்டும் ஒண்டு போலயோ இருக்குது?” என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்.

வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் ஒன்று, வட்டைத் தட்டிவிடும் வலது கைக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கடைசியாக வந்தது பிடிக்கும் கையுறை. ஜீலோங்கில் இருந்த ஒரு கனடாக்காரர் அதை இலவசமாகவே கொடுத்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டாராம். “கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காதே. கையில் போடு.” இவரும் சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டிவிட்டு வந்தார்.

நானும் ஒரு நிபந்தனை போட்டேன். நான் ஆசாரமான வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் குசினிக்குப் பக்கத்து அலுமாரியில் சாமிப்படங்கள் இருந்தன. காலில் கட்டுகிற மாட்டுத்தோல், யாரோ முன்பின் தெரியாதவரின் வியர்வை குடித்த மாட்டுத்தோல், வாசற்படி தாண்டக் கூடாது. கராஜில் இருக்கட்டும். தொட்டால் கைகால் கழுவிவிட்டு உள்ளே வரட்டும். இவர் ஒத்துக்கொண்டார். மூன்று வருடமாகக் குளிரில் கராஜுக்குள் நின்று துடைத்தார், தைத்தார், தோலுக்குப் பூசும் கொழுப்பை வாங்கிப் பூசினார். பிரிந்திருந்த தையல் வழியாக ஒருநாள் உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். மான்மயிரும் இலவம் பஞ்சும். அன்றிலிருந்து நான் அந்தக் கால் சாமான்களை ‘மெத்தைகள்’ என்றுதான் சொல்வேன். “மெத்தைகளை வெயிலில போடேல்லையோ?” என்று கேட்டு அவரை எரிச்சல்படுத்துவது என் பொழுதுபோக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கழகத்தோடு சேர்ந்து பயிற்சிக்குப் போவார். முதல் வருடம் விழுந்து விழுந்து பழகினார். தொடையெல்லாம் கத்தரிக்காய் நிறம். ஆனால் ஓர் ஆட்டத்திலும் அவரை இறக்கவில்லை. வயது, வேகம் என்று காரணம் சொன்னார்கள். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்திருக்கலாம். இவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் இவருக்காகவும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

1976இல் கழகத்துக்கு நாற்பது வயது. பழைய காலத்து உடுப்போடு ஒரு விழா ஆட்டம் வைப்பதாக முடிவுசெய்தார்கள். கழகத் தலைவர் ஹார்வி எங்கள் வீட்டுக்கே வந்தார். இவருடைய சாமான்களை இரவல் கேட்டார். அவற்றை அவர்களுடைய இளம் கோல்காப்பாளன் பிரையன் போட்டு விளையாடுவானாம்.

இவர் ஒருநாளும் யாருக்கும் இல்லையென்று சொன்னவரல்ல. அன்று சொன்னார். “நான் போட்டால் மட்டும்தான்.”

ஹார்வி தேத்தண்ணியை இரண்டு தரம் கலக்கினார். பிறகு ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள். ஆட்டம் மூன்று பகுதி, ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். முதல் பகுதிக்கு இவர் நிற்கலாம். சரியாக நின்றால் தொடரலாம். சரிவராவிட்டால் சாமான்களைக் கழற்றி பிரையனிடம் கொடுத்துவிட வேண்டும்.

அவ்வளவுதான். நான்கு வருட ஆசைக்குப் பதினைந்து நிமிடம்.

ஆட்டத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை பின்னேரம் இவர் கராஜில் இருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். தோலுக்குப் பூசும் கொழுப்பு டின் காலி. சனி மத்தியானத்தோடு கடையெல்லாம் பூட்டிவிட்டார்கள், இனித் திங்கள்தான். “கையுறை காய்ஞ்சு போச்சு. மடியுதில்லை” என்றார்.

ஞாயிறு காலை இவர் தளத்தை ஒழுங்குபடுத்த உதவுவதற்கு வெள்ளெனவே போய்விட்டார். பதினொரு மணிக்கு வந்து என்னையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. நான் குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டு, தலைக்கு எண்ணெய் வைக்கப் போத்தலை எடுத்தேன். மெல்பேண் குளிரில் தேங்காயெண்ணெய் மெழுகாக இறுகிக் கிடக்கும். தினமும் சுடுதண்ணிக்குள் வைத்து உருக்கித்தான் தலைக்கு வைப்பேன். அன்றும் உருக்கினேன். உருகிய எண்ணெய் கையில் பட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைக்குப் பூசினால் கைகால் மெத்தென்று மெதுவாகும், தலைக்கு வைத்தால் முடி மெதுவாகும். தோலும் தோல்தானே?

மூன்று வருடமாகத் தொடாத சாமானை நானே கராஜிலிருந்து தூக்கிவந்தேன். வாசற்படிக்கு வெளியே தனியாக இருந்த உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் ஹீட்டரைப் போட்டு, துவாயை விரித்து, மெத்தை இரண்டுக்கும், கையுறைக்கும், ஒவ்வொரு விரலிடுக்கிலும் எண்ணெய் பூசித் தேய்த்தேன். முழுப் போத்தலும் முடிந்தது. தோல் குடிக்கக் குடிக்க நிறம் ஏறி, கருப்பங்கட்டி போல மினுங்கியது. கையுறை ஒரு விரலால் அமத்தினாலே மடிந்தது. எனக்கு என்னைப் பற்றியே பெருமை தாங்கவில்லை. பிறகு கையை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காரில் ஏறியதும் இவர் மூக்கை உறிஞ்சினார். “என்ன, தேங்காயெண்ணெய் மணக்குது?”

“என்ர தலை” என்றேன். ஆட்டம் முடிந்தபிறகு சொல்லி அசத்தலாம் என்று நினைத்திருந்தேன்.

பனித்தளத்தின் வாங்கில் எங்கள் நண்பர் சேஷாத்ரி ஏற்கெனவே இடம்பிடித்து உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூர்க்காரர், கணக்காளர், என்னை ‘மன்னி’ என்றுதான் கூப்பிடுவார். “என்ன மன்னி, சாருக்கு இன்ஷூரன்ஸ் எல்லாம் இருக்கா?” என்று சிரித்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். சேலைக்கு மேல் கோட், கோட்டுக்கு மேல் சால்வை, மடியில் சுடுதண்ணிப் பை என்று நான் கம்பீரமாக உட்கார்ந்தேன்.

இவர் வெளியே வந்தார். நான் அவரை முழு உடுப்போடு பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு கால் கபிலம், ஒரு கால் சிவப்பு. முகத்துக்கு மட்டும் பிரையனிடம் இரவல் வாங்கிய முகமூடி. அதைப் போட்டால்தான் இறங்கலாம் என்று நான்தான் அடம்பிடித்தேன். மற்றபடி தலைமுதல் கால்வரை அவர் தேடித் தேடிச் சேர்த்த தோல். வார்களை மாட்டும் பழைய வக்குகள் எல்லாம் பளபளத்தன. பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். “இப்படி ஒரு செட்டை முப்பது வருடமாக நான் பார்க்கவில்லை” என்று தன் மனைவியிடம் சொன்னார். “அது என்னுடைய கணவர்” என்றேன், அவர் கேட்காமலே.

முதல் ஐந்து நிமிடம் வட்டு வந்த பக்கமெல்லாம் இவர் இருந்தார். இரண்டைக் காலால் தடுத்தார். ஒன்றைக் கையுறையால் பிடித்தார். ‘பொத்’ என்று அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆறாவது நிமிடத்தில் ஏதோ பிழையாகிப் போனது. குனிய வேண்டிய இடத்தில் இவர் குனியவில்லை. முழங்கால் மடியாமல் மரக்கட்டை போல நின்றார். வட்டு காலுக்குக் கீழே போய் வலையில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று நேரே கையுறைக்கு வந்தது. கை சரியான இடத்தில்தான் இருந்தது. கையுறை மூடவில்லை. வட்டு பலகையில் பட்டதுபோல் தெறித்து, இவருடைய தோளில் பட்டு உள்ளே போனது. யாரோ சிரித்தார்கள். இரண்டுக்குச் சுழியம்.

ஓய்வுக்கு மணி அடித்ததும் நான் தடுப்புப் பலகை ஓரமாக ஓடினேன். இவர் வாங்கில் உட்கார்ந்து கையுறையை முழங்காலில் வைத்து அமத்திக்கொண்டிருந்தார். மடிப்புகளில் எல்லாம் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் சுரண்டி மணந்து பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இது உம்மட தலையில்லை” என்றார்.

தினமும் காலையில் இறுகிய போத்தலோடு மல்லுக்கட்டுகிறவள் நான். வீட்டுக்குள்ளேயே இறுகுகிற எண்ணெய் பனிக்கட்டிக்கு மேல் என்ன செய்யும் என்று இந்த மண்டைக்கு ஏறவில்லையே!

“நான்தான் பூசினனான்” என்றேன். “காலமை. எல்லாத்துக்கும். மெதுவாகும் எண்டு நினைச்சன்.” சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

இவர் கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கையுறையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீர் தொட்டனீரோ?”

“ஓம்.”

“உம்மட கையாலயோ?”

“பின்னைக் காலாலயோ?” என்று அழுகைக்கு நடுவிலும் சீறினேன்.

அவர் சிரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஹார்வி வந்தார், பின்னால் பிரையன். ஹார்வி நல்ல மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு, “கேத், நன்றாக முயன்றாய்…” என்று தொடங்கினார்; இவருடைய பெயரைக் கழகத்தில் அப்படித்தான் சுருக்கியிருந்தார்கள். இவர் காலில் இருந்த முதல் வாரைக் கழற்றக் கை வைத்தார். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் அவருக்கு.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“மிஸ்டர் ஹார்வி” என்றேன் என் ஆங்கிலத்தில், “பிழை அவருடையதல்ல. என்னுடையது. நான் எண்ணெய் பூசினேன், எண்ணெய் உறைந்துவிட்டது. பிரையன் போட்டாலும் இது மடியாது. எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள். அடுத்த பகுதியில் ஒரு கோல் விழுந்தாலும் நானே கழற்றித் தருகிறேன்.”

ஹார்வி பிரையனைப் பார்த்தார். பிரையன் கையுறையை வாங்கி ஒருமுறை அமத்திப் பார்த்தான். “எனக்கு வேண்டாம்” என்று திருப்பித் தந்துவிட்டான். நல்ல பிள்ளை.

நான் மடியில் வைத்திருந்த சுடுதண்ணிப் பையை அந்தக் கையுறைக்குள் திணித்தேன். திணித்து, கோட்டைத் திறந்து, இரண்டையும் சேர்த்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வியர்வை குடித்த மாட்டுத்தோல், என் நல்ல பட்டுச் சேலைக்கு மேல். எண்ணெய் உருகிச் சேலையில் ஊறுவது தெரிந்தது. ஊறட்டும் என்று இருந்தேன். சேஷாத்ரி எனக்குப் பின்னாலேயே வந்து நின்று, “மன்னி, தண்ணி ஆறிடுத்துன்னா குடுங்கோ, கேன்டீன்ல கொதிக்கிறது, நான் ரொப்பிண்டு வர்றேன்” என்றார்.

“கால் ரெண்டையும் என்ன செய்யிறது?” என்று நான் கேட்டேன். அவ்வளவு பெரிய மெத்தைகளை அணைத்துச் சூடாக்க முடியாது.

இவர் எழுந்து நின்று பார்த்தார். முழங்கால் மடியவில்லை. “இதைப் போட்டு விளையாடின காலத்தில ஆரும் குனியேல்லை. நிமிந்து நிண்டுதான் தடுத்தவங்கள்” என்றார். “நானும் நிமிந்து நிக்கிறன்.”

இரண்டாம் பகுதியில் அப்படியே நின்றார். வட்டு வருவதற்கு முன்பே பக்கவாட்டில் நகர்ந்து அதன் வழியில் போய் நின்றார். இறுகிய மெத்தைகளில் பட்ட வட்டு தளத்தின் நடுவரை தெறித்துப் போனது; அதை எங்கள் ஆள் ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடிக் கோல் போட்டான். கையுறை எட்டு நிமிடம் தாங்கியது. நடுவர் விசில் ஊதி ஆட்டம் நின்றதும் இவர் நேரே சறுக்கிக்கொண்டு என்னிடம் வந்து, தடுப்புப் பலகைக்கு மேலால் கையுறையை நீட்டினார். நான் பையைத் திணித்து, அமத்தி, பிசைந்து திருப்பிக் கொடுத்தேன். நடுவர் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். விழா ஆட்டம்தானே என்று விட்டுவிட்டார்.

முதல் தடவை சனம் சிரித்தது. இரண்டாம் தடவை கைதட்டியது. மூன்றாம் பகுதியில் ஒவ்வொரு விசிலுக்கும் முந்நூறு பேரும் என் பக்கம் திரும்பி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். பத்து எண்ணுவதற்குள் நான் சூடாக்கிக் கொடுத்துவிட வேண்டும். சேஷாத்ரி கேன்டீனுக்கும் எனக்கும் இடையில் ஓடி ஓடி மூச்சுவாங்கினார். நாங்கள் இன்னொரு கோல் போட்டோம். இரண்டுக்கு இரண்டு.

கடைசி நிமிடம். எதிர்ப்பக்கத்து நெட்டையன் ஒருவன் தனியாக வந்தான். நடுவில் யாருமில்லை. இவர் முன்னுக்கு வந்து நிமிர்ந்து நின்றார். அவன் ஓங்கி அடித்தான். வட்டு எனக்குத் தெரியவில்லை. ‘பொத்’ என்ற சத்தம்தான் கேட்டது.

கையுறை மூடியிருந்தது.

இவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். நடுவரைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து. நான் வாங்கில் ஏறி நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை, தமிழில்தான் கத்தியிருப்பேன். அந்தக் கிழவர் இரண்டாம் முறையும் தொப்பியைக் கழற்றினார். இந்த முறை என் பக்கம் பார்த்து.

சமநிலையில் முடிந்த ஆட்டத்துக்கு இவ்வளவு ஆரவாரமா என்று கேட்பவர்கள் அங்கே இருக்கவில்லை. ஹார்வி இவருடைய தோளில் தட்டி, இனிக் கழகத்தில் இவருக்கு ஓர் இடம் உண்டு என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு, சாமான்களைக் கழக மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டலாமா, வெளியே பெயரும் எழுதி வைக்கலாம் என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். ஜீலோங் மனிதருக்குக் கொடுத்த வாக்கு இவரைத் தடுக்கிறது என்று எனக்குத் தெரியும்.

“இது பார்க்கிற சாமானல்ல, மிஸ்டர் ஹார்வி” என்றேன். “போடுகிற சாமான். பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரட்டும்.”

வீட்டுக்கு வரும்போது காரெல்லாம் தேங்காயெண்ணெய் மணம். களைப்பு ஒருபக்கம், சந்தோஷம் ஒருபக்கம். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இவர் வழக்கம்போல மெத்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கராஜ் பக்கம் நடந்தார். கதவைத் திறந்து, தோலை மாட்டி வைக்கும் ஆணிக்குக் கை நீட்டினார். மூன்று வருடமாக அந்த மனிதர் குளிருக்குள் நின்றது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இஞ்சாருங்கோ, அங்க ஏன் வைக்கிறியள்?” என்றேன். “குளிருக்கு இறுகிப் போகுமெல்லோ.”

அவர் திரும்பிப் பார்த்தார். நான் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஹீட்டருக்குப் பக்கத்தில வையுங்கோ. கையுறையை என்னட்டத் தாங்கோ.”